எருமை மீது ஏற்றப்பட்ட அதிகாரி: குமரி எல்லையில் புனிதரும் குடும்பஸ்தரும்

2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். சகாராப் பாலைவனத்தில் தனித்துத் தவ வாழ்வு வாழ்ந்த சார்லஸ் தெ ஃபூக்கோ, நாஜிகளின் டாகாவ் முகாமில் கொல்லப்பட்ட கார்மெல் சபைக் குரு டைட்டஸ் பிராண்ட்ஸ்மா, சபைகளை நிறுவிய அருட்சகோதரிகள் என்று நீண்ட அந்தப் பட்டியலில் குருவாகவோ துறவியாகவோ இல்லாதவர் ஒரே ஒருவர்தான். திருவிதாங்கூர் அரசிடம் சம்பளம் வாங்கியவர். மணமானவர். மாடும் பயிரும் நட்டப்பட்டு மனம் உடைந்து கிடந்தவர். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நட்டாலத்துக்காரரான தேவசகாயம்.

அன்று குமரி மாவட்டத்துக் கோயில்களில் மணி அடித்தார்கள், வெடி போட்டார்கள், பாயசம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று பதாகைகள் தொங்கின. ‘பொதுநிலை’ என்ற அடைமொழியில்தான் விஷயமே இருக்கிறது. திருச்சபையின் நாள்காட்டியைப் புரட்டினால் பாப்பரசர்கள், ஆயர்கள், சபை நிறுவனர்கள், கன்னியர்கள் என்று பக்கம் பக்கமாக வருகிறார்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி, மேலதிகாரிக்குப் பதில் சொல்லி, மாமனார் வீட்டுப் பேச்சையும் கேட்டு வாழ்ந்த ஆண்கள் மிகச் சிலரே. ஆகவே புனிதர் என்றால் நம்மைப் போன்ற ஆள் இல்லை என்று ஒரு குடும்பஸ்தர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் எல்லைப் பகுதியில் இந்த எண்ணம் எப்படி வேலை செய்கிறது என்பதை எந்தச் செவ்வாய்க்கிழமையும் பார்க்கலாம். அந்தோணியார் குருசடியில், அதாவது அவருடைய சிற்றாலயத்தில், மெழுகுவர்த்தி, உப்பு, மிளகு, நவநாள் செபம். வேலை கிடைக்க வேண்டும், விசா வர வேண்டும், காணாமல் போன நகை கிடைக்க வேண்டும். கூட்டத்தில் முக்கால்வாசி பெண்கள். ஆண்கள் வாசலில் கைகட்டி நிற்பார்கள், அல்லது பைக்கில் சாய்ந்து காத்திருப்பார்கள். திருவிழா வந்துவிட்டால் நிலைமை தலைகீழ்: கொடியேற்றம், பந்தல், சப்பரம் தூக்குவது எல்லாம் ஆண்கள் ராஜ்யம். கேட்டுப் பெறுவதற்கும் தோளில் தூக்குவதற்கும் புனிதர் இருக்கிறார். அவர் செய்ததைத் தானும் செய்து பார்க்கலாமே என்ற எண்ணம் மட்டும் வருவதில்லை. திருச்சபை ஒருவரைப் பீடத்தில் ஏற்றுவதன் முதல் நோக்கமோ அதுதான்.

இதற்குச் சிலைகளும் ஒரு காரணம் என்பேன். செபஸ்தியார் சிலையை எடுத்துக்கொள்வோம். கேரளக் கடற்கரையில் அர்த்துங்கல் முதல் எத்தனையோ ஊர்களில் ஜனவரியில் அவருக்குப் பெருநாள். அம்பு எடுத்து வீடு வீடாகச் செல்வார்கள். மரத்தில் கட்டப்பட்டு உடலெங்கும் அம்பு தைத்த இளைஞர் என்றால் குழந்தைக்கும் அவரைத் தெரியும். ஆனால் மரபுவழிக் கதையில் அவர் அந்த அம்புகளால் சாகவில்லை. இறந்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். ஐரின் என்ற விதவை எடுத்துப்போய்க் காயம் ஆற்றினார். உடம்பு தேறிய பிறகு ஊரைவிட்டு ஓடியிருக்கலாம். அவரோ தியோக்கிளேசியன் பேரரசன் வரும் வழியில் போய் நின்று, அவன் செய்வது தவறு என்று முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டாம் முறை தடியால் அடித்துக் கொன்றார்கள். அம்பு தைப்பது அவர் கையில் இல்லை. திரும்பிப் போவது அவர் கையில் இருந்தது. சிலையோ அம்போடு நின்றுவிட்டது.

தேவசகாயத்தின் சிலைக்கும் இதே கதி நேர்ந்துவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. சங்கிலி பூட்டி, முழந்தாளில் நின்று, வானத்தைப் பார்க்கும் உருவம் இப்போது எங்கும் வந்துவிட்டது. அது அவர் கொல்லப்பட்ட 1752 ஜனவரி 14இன் கோலம். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளை எந்தச் சிற்பியாலும் வடிக்க முடியாது. ஒரு சாதாரண ஆணுக்குச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கிறது என்றால் அது அந்த மூன்று ஆண்டுகளில்தான் இருக்கிறது.

முதலில் ஊரைச் சொல்லிவிட வேண்டும். நட்டாலம், பத்மநாபபுரம், கோட்டாறு, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கும் இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை இவை திருவிதாங்கூரையும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்த ஊர்கள். பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். ஆனால் தூத்தூர் வட்டாரத்துக் கடற்கரைப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டே திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. நட்டாலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு: மகா சிவராத்திரியன்று பக்தர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஓடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டாவது, கடைசிக் கோயில் அங்கேதான் இருக்கிறது. இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மண்ணில் பிறந்தவர் அவர்.

1712இல் பிறந்தபோது வைத்த பெயர் நீலகண்டன். தந்தை நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசை செய்தவர். தாய் நாயர் குடும்பம். மருமக்கள்வழி முறைப்படி தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலில் அலுவல், பிறகு அரண்மனைப் பணி. அரசர் மார்த்தாண்ட வர்மர். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது சிறைப்பட்ட டிலனாய் என்ற அதிகாரியை அரசர் தன் படையைச் சீரமைக்க அமர்த்தியிருந்தார். டிலனாய் கத்தோலிக்கர். அவரோடு வேலை பார்த்த நீலகண்டன், கால்நடையும் பயிரும் அடுத்தடுத்து நாசமாகி முகம் வாடி வந்தபோது, டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது எங்கள் ஊரில் ஓலைப்பாயில் உட்கார்ந்து கேட்ட கதை. பிள்ளைகள், மந்தைகள், உடல்நலம் எல்லாம் போன பிறகும் கடவுளோடு வழக்காடிக்கொண்டே அவரை விடாமல் பிடித்திருந்த மனிதன் யோபு. வெற்றி பெற்றவன் கதையைக் கேட்டு மனம் மாறியவரல்ல நீலகண்டன். நட்டப்பட்டவன் கதை ஒன்று இன்னொரு நட்டப்பட்டவனைப் பிடித்துக்கொண்டது.

ஞானஸ்நானம் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நடந்தது. கொடுத்தவர் இத்தாலிய இயேசு சபைக் குரு புத்தாரி. வடக்கன்குளம் திருவிதாங்கூருக்கு வெளியே, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பாண்டிப் பக்கம் இருக்கிறது. அரசு ஊழியர் ஒருவர் இந்தக் காரியத்துக்காக எல்லை தாண்டிப் போனார் என்றால், உள்நாட்டில் அது எவ்வளவு எளிதாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று சூட்டினார்கள். மனைவி பார்கவி பிறகு ஞானப்பூ ஆனார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1749 பிப்ரவரியில் கைது. எதற்காக என்பதில்தான் இன்றுவரை சச்சரவு. அரசத் துரோகம், அரசாங்க ரகசியத்தை வெளியாருக்குச் சொன்னது என்று ஒரு தரப்பு. மதமாற்றத்துக்காக மார்த்தாண்ட வர்மர் யாரையும் கொன்றதாகச் சான்று இல்லை என்று கேரள வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிட்டார்கள். திருச்சபை இதைக் கேட்டும் கேளாதது போல் இருந்துவிட முடியாது. மறைசாட்சி என்று ஒருவரை ஏற்க வேண்டுமானால், கொன்றவர்களின் நோக்கம் விசுவாசத்தின் மீதான வெறுப்பு என்று நிறுவ வேண்டும். வேறு குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் மறைசாட்சி ஆக மாட்டார். அதனால்தான் அக்காலத்துக் கடிதங்களையும் அறிக்கைகளையும், குறிப்பாகக் கொச்சி ஆயர் 1756இல் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையையும், கிளறிப் பார்த்தார்கள். தேவசகாயம் இறந்து நான்கே ஆண்டுகளில் எழுதப்பட்டது அது. 2012 ஜூனில் மறைசாட்சியம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில், புனிதருக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவர் பட்டம். மறைசாட்சிக்கு அந்தப் படிக்குப் புதுமை தேவையில்லை. புனிதர் பட்டத்துக்குத் தேவை. வயிற்றில் இருந்த ஒரு சிசு பிழைத்ததைப் புதுமையாக ஏற்று 2020 பிப்ரவரியில் ஆணை வந்தது. பிறகு கொரோனா வந்து இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்தது.

என் பார்வையில், மதமா அரசியலா என்று இரண்டாகப் பிளப்பதே இருபதாம் நூற்றாண்டுக்காரர்களின் பழக்கம். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தன் வாளைப் பத்மநாபசுவாமியின் காலடியில் வைத்து, நாட்டையே இறைவனுக்கு எழுதிக்கொடுத்தார். அன்று முதல் அரசர் பத்மநாபதாசர், அந்தக் கடவுளின் ஊழியர். அந்த நாளில் தேவசகாயம் சங்கிலியில் இருந்தார். நாடே கடவுளின் சொத்து என்று ஆகிவிட்ட இடத்தில், அரண்மனை ஊழியன் ஒருவன் வேறு கடவுளைத் தேடிப் போவது வெறும் சொந்த விவகாரமாக எப்படி இருக்க முடியும்? அரசரைக் கொடுங்கோலனாக வரைந்தால்தான் புனிதர் உயர்வார் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசர் ஒரு நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அதிகாரி ஒருவருக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது.

இப்போது அந்த மூன்று ஆண்டுகள். அவரை உடனே கொல்லவில்லை. எருமை மாட்டின் மீது ஏற்றி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள் என்று மரபு சொல்கிறது. எருமை எமனின் வாகனம். எருக்கு, மரியாதைக்கு உரியவர் கழுத்தில் ஏறாத பூ. நேற்றுவரை அவர் வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நின்ற சனங்கள் தெருவின் இரு பக்கமும் நின்று பார்த்தார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள், வெயிலில் உட்கார வைத்தார்கள், தண்ணீர் மறுத்தார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டி வைத்தார்கள். பழைய மதத்துக்குத் திரும்பினால் விடுதலை என்ற பேச்சு ஒவ்வொரு கட்டத்திலும் வந்தது.

இந்தத் தண்டனையை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஆண்களின் மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வலியைத் தாங்குவதில் பல ஆண்கள் கெட்டிக்காரர்கள். சண்டைக்குப் போனவன் தழும்பைக் காட்டிப் பெருமை பேசுவான். கௌரவம் போவதை அப்படித் தாங்க முடிவதில்லை. எங்கள் பகுதியில் கடன்காரன் வாசலில் வந்து சத்தம் போட்டதற்காக உயிரை விட்டவர்கள் உண்டு. கடனின் தொகையைவிட அடுத்த வீட்டுக்காரன் கேட்டுவிட்டான் என்பதுதான் அவர்களைக் கொன்றது. தேவசகாயத்தை எருமை மேல் ஏற்றியது அவருடைய சாதியை, பதவியை, ஆண்மையை ஒரே நேரத்தில் தெருவில் போட்டு மிதிப்பதற்காக. மூன்று ஆண்டுகள் அதற்குள் இருந்துகொண்டு, பார்க்க வந்தவர்களிடம் அவர் பேசினார், செபித்தார், அவர்களுக்காக வேண்டினார். கூட்டம் பெருகியது. கட்டி வைத்த மரத்தின் இலையைப் பறித்துக்கொண்டு போனார்கள். அவமானப்படுத்தவென்று வைத்த இடமே திருத்தலமாகத் தொடங்கியதும் அதிகாரிகளுக்கு வேறு வழி இல்லாமல் போனது. ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் இரவில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் போட்டுவிட்டார்கள். கிடைத்ததைக் கிறிஸ்தவர்கள் எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்தின் அருகே அடக்கினார்கள்.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் தவித்த தேவசகாயம் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் சுரந்தது என்பார்கள். அங்கே போகிறவர்கள் அந்தச் சிறு குழியில் கிடக்கும் நீரைப் போத்தலில் எடுத்து வருகிறார்கள். அதை நான் மறுக்கவும் போவதில்லை, நிறுவவும் போவதில்லை. தாகத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை என்பது என் குறை.

புராணமும் பதிவும் இப்படி அக்கம்பக்கத்தில் நிற்பதற்கு, பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் மறைபரப்பிய இயேசு சபைக் குரு சவேரியாரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கோட்டாற்றில் டிசம்பர் 3 அவருடைய திருநாள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வடக்கிலிருந்து வடுகர் படை நாஞ்சில் நாட்டைச் சூறையாட வந்தபோது சவேரியார் கையில் சிலுவையோடு தனியாக எதிரே போய் நின்றார், படை மிரண்டு திரும்பியது என்பது ஊர் அறிந்த கதை. பிரசங்கத்தில் இது வராத ஆண்டு கிடையாது. ஆனால் அவரே எழுதிய 1544ஆம் ஆண்டுக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் வரும் சவேரியார் வேறு மாதிரி. வடுகர் தாக்கியதால் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிப் பசியில் கிடந்த முத்துக்குளிப்போருக்கு மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவு கொண்டுபோகப் புறப்படுகிறார். காற்று எதிராக அடிக்கிறது. நாட்கணக்காகக் கடலில் போராடியும் தோணிகள் போய்ச் சேரவில்லை; திரும்ப வேண்டியதாகிறது. பிறகு நடந்தே போகிறார். பசியால் வாடியவர்களையும் வழியில் விழுந்து செத்தவர்களையும் பார்த்ததை எழுதுகிறார். போர்த்துகீசிய அதிகாரிகளே அந்த ஏழைகளைச் சுரண்டியதைப் பற்றி அதே கடிதங்களில் அவருடைய கோபம் கொப்பளிக்கிறது. சில இடங்களில் இந்த நாட்டைவிட்டே போய்விட வேண்டும் போலிருக்கிறது என்ற சலிப்பும் தெரிகிறது.

எந்தச் சவேரியார் ஒரு வள்ளக்காரருக்குப் பயன்படுவார்? படையைத் திருப்பி அனுப்பியவரைக் கும்பிடலாம், அவ்வளவுதான். அரிசியோடு கிளம்பிக் காற்றால் தோற்று, கரையேறி, நடக்கத் தொடங்கியவரின் பின்னால் போக முடியும். 2017 நவம்பர் இறுதியில், கோட்டாற்றுத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், ஒக்கிப் புயல் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளின் ஆண்களைக் கடலில் வாரிக்கொண்டது. அரசாங்கத்தின் தேடுதலுக்குக் காத்திருக்காமல், தங்கள் படகிலேயே தேடக் கிளம்பினார்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் யாருக்கும் பட்டம் வரப்போவதில்லை. பிறர் உயிருக்காகத் தன் உயிரை மனமுவந்து கொடுத்தவர்களையும் புனிதர் நிலைக்கு ஆராயலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2017 ஜூலையில்தான் தனி வழி ஒன்றைத் திறந்தார் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நற்செய்திகளில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர். நள்ளிரவில் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மொழி தெரியாத எகிப்துக்குப் போனவர். வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரை விளக்கத் தேவையில்லை.

தேவசகாயத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டியவர்கள் ஐரோப்பாவில் இரண்டு பேர். முதலாமவர் தாமஸ் மோர், இங்கிலாந்தின் தலைமை அமைச்சர் நிலையில் இருந்த வழக்கறிஞர். எட்டாம் ஹென்றி தன்னைத் திருச்சபைக்குத் தலைவனாக்கிக்கொண்டபோது அதற்கான உறுதிமொழியை எடுக்க மறுத்தார். 1535 ஜூலை 6 அன்று தலை போனது. அவர் சாகத் துடித்தவரல்ல. வாயைத் திறந்து எதிர்த்தால்தான் துரோகம், மௌனம் குற்றமாகாது என்று சட்டத்தின் சந்துபொந்துகளில் எல்லாம் புகுந்து தப்பிக்கப் பார்த்தார். மகள் மார்கரெட் உறுதிமொழி எடுத்துவிடும்படி கெஞ்சினாள். மனைவி ஆலிஸ் சிறைக்கே வந்து, வீடும் நூலகமும் தோட்டமும் இருக்க இந்த எலிப்பொந்தில் கிடக்கிறீர்களே, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று பொரிந்து தள்ளினார். எந்த வீட்டுக்கும் பொருந்தும் பேச்சு. தப்பிக்க ஒரு வழியும் இல்லை, பொய்ச் சத்தியம் ஒன்றுதான் மிச்சம் என்றபோதுதான் அவர் நின்றார்.

இரண்டாமவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர், ஆஸ்திரியக் குடியானவர், பங்கில் கோயில் பிள்ளை வேலையும் பார்த்தவர். இளமையில் ஒழுங்காக இருந்தவரல்ல. மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தந்தையானவர். பிறகு திருந்தி, மணந்து, மூன்று பெண் குழந்தைகளோடு இருந்தபோது ஹிட்லரின் படையில் சேர அழைப்பு வந்தது. மறுத்தார். பங்குக் குருவும் ஆயரும்கூடக் குடும்பத்தை யோசி என்றுதான் சொன்னார்கள். 1943 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டபோது வயது 36. ஊர் அவரைப் பல ஆண்டுகள் பெருமையாகப் பேசவில்லை. போரில் செத்த மற்ற ஆண்களின் குடும்பங்களுக்கு அவர் பெயரே உறுத்தலாக இருந்தது. 2007இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோது மனைவி ஃபிரான்சிஸ்கா, தொண்ணூறைத் தாண்டிய முதியவராக, அங்கே இருந்தார்.

எல்லோருக்கும் அரசனோ ஹிட்லரோ வாய்ப்பதில்லை. எங்கள் பக்கத்து ஆண்களில் பலருக்கு எதிரி மதுக்கடையில் இருக்கிறான். அவர்களுக்கு நான் சொல்வது மாட் டால்பட்டை. டப்ளின் நகரத்துச் சுமைகூலி. பன்னிரண்டு வயது முதல் குடி. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்தவர். 1884இல், 28 வயதில், மூன்று மாதம் குடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். முடிந்ததும் இன்னும் ஆறு மாதம். பிறகு வாழ்நாள் முழுதும். அதோடு விடவில்லை: கடைகளில் வைத்திருந்த பழைய கடனையெல்லாம் அடைத்தார், பிடில்காரரைத் தெருத்தெருவாகத் தேடினார். கிடைக்கவில்லை, அந்தப் பணத்தை அவருக்காகத் திருப்பலிக்குக் கொடுத்தார். 1925இல் பூசைக்குப் போகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். 1975இல், முத்திப்பேறு பெற்றவருக்கும் முந்தைய வணக்கத்துக்குரியவர் என்ற படியை அடைந்தவர் இன்னும் அங்கேயே நிற்கிறார். மூன்று மாதம் என்று தொடங்கியதில் இருக்கும் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தன்மேல் அவருக்கு அவ்வளவுதான் நம்பிக்கை இருந்தது.

கேரளப் பக்கத்தில் வீட்டு ஆண்களுக்கென்றே எழுதியவர் சாவறா குரியாக்கோஸ் எலியாஸ். அவர் துறவி, மான்னானத்தில் சபை நிறுவியவர், பள்ளிகளும் அச்சுக்கூடமும் நடத்தியவர், 2014இல் புனிதரானார். 1868இல் தன் சொந்த ஊரான கைநகரிக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல தகப்பனின் கடைசி அறிவுரை என்ற முறையில் ஒரு நீண்ட மடல் எழுதினார். அதில் பெரிய இறையியல் ஒன்றும் இல்லை. அவசியமின்றிக் கடன் வாங்காதே, வழக்குக்குப் போகாதே, பணத்தைக் காட்டிப் பகட்டாதே, வேலைக்காரனுக்கு உரிய கூலியைக் கொடு. படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் இருபது ஆண்டுகளாக முன்சீப் கோர்ட்டுக்கு நடக்கும் குடும்பத்தில் முதலில் விட்டுக்கொடுப்பவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும்.

தேவசகாயத்துக்கே திரும்பினால், அவரை முன்மாதிரியாகச் சொல்லும்போது நாம் கூசாமல் தாண்டிப் போகிற ஒருவர் ஞானப்பூ. கணவன் கொள்கைக்காக நின்றார். சங்கிலியில்லாமல் அதே மூன்று ஆண்டுகளைக் கடந்தவர் அவர். கணவர் இறந்த பின் திருவிதாங்கூரை விட்டு வடக்கன்குளத்துக்குப் போய் 1766இல் அங்கேயே மறைந்தார். சொந்த பந்தங்களைவிட்டு, மொழியும் வழக்கமும் மாறுபட்ட ஊரில் பதினான்கு ஆண்டு விதவை வாழ்வு. ஆண்களின் வீரத்துக்கான செலவைப் பெரும்பாலும் வேறு யாரோதான் கட்டுகிறார்கள். ஆலிஸ் மோர், ஃபிரான்சிஸ்கா, ஞானப்பூ மூவரையும் விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேசுவது அரைகுறை.

இன்னொன்று சாதி. ஞானஸ்நானத்துக்குப் பிறகு எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பது அவர்மேல் சொல்லப்பட்ட பழிகளில் ஒன்று. புனிதர் பட்ட வேலைகள் நடந்தபோது அவர் பெயரோடு ‘பிள்ளை’ என்ற பட்டம் ஒட்டியிருந்தது. அது அவர் வாழ்ந்ததற்கு எதிரானது என்று ஆட்சேபம் எழுந்து, 2020இல் ரோம் அதை நீக்கியது. சரியான முடிவு. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தின் பிற்காலக் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கோயில், கால்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு கூடங்களாகப் பிரிந்து ஒரே பீடத்தில் சேரும்படி கட்டப்பட்டது. வேளாளர் ஒரு கூடத்தில், நாடார் மறு கூடத்தில். நடுவில் இருந்த தடுப்பை 1910இல் திருச்சபை அதிகாரிகள் இடித்தார்கள். வேளாளர் தரப்பினர் தங்கள் உரிமை பறிபோனது என்று வழக்குத் தொடர்ந்து, சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். வழக்குப் போட்டவர்கள் அனைவரும் ஞாயிறு தவறாமல் பூசை கண்ட குடும்பஸ்தர்கள். ஞானஸ்நானத்தில் ஆளுக்கொரு புனிதர் பெயரைப் பெற்றவர்கள்.